ரஷ்யக் குழாயிலிருந்து விலகிய லித்துவேனியா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வல்லரசின் பக்கத்தில் இருக்கும் சிறிய நாடு தன் எரிபொருளையும் மின்சாரத்தையும் எப்படித் திட்டமிடுகிறது என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் ஜெர்மனியையும் உக்ரைனையும்தான் உதாரணம் காட்டுகிறோம். அவற்றைவிடத் தெளிவான பாடம் லித்துவேனியாவிடம் இருக்கிறது. தொடக்கம் 1990ல், முக்கியமான கடைசி முடிச்சு அவிழ்ந்தது 2025 பிப்ரவரியில்.

லித்துவேனியா எங்கே இருக்கிறது? அதற்கும் ரஷ்யாவுக்கும் என்ன தொடர்பு?

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில். வடக்கே லாட்வியா, கிழக்கிலும் தெற்கிலும் பெலாரஸ், தெற்கே போலந்து, தென்மேற்கில் ரஷ்யாவின் தனித்துண்டான கலினின்கிராட். பரப்பளவில் தமிழ்நாட்டின் பாதி. மக்கள்தொகை ஏறத்தாழ 28 லட்சம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியத்தோடு சேர்க்கப்பட்டு, 1990 மார்ச் 11 அன்று மீண்டும் விடுதலையை அறிவித்தது.

அரசு புதிதாக இருந்தாலும் பூமிக்கடியில் இருந்த குழாய்கள் பழையவை. எண்ணெய்க் குழாய், எரிவாயுக் குழாய், உயரழுத்த மின்கம்பிகள் அனைத்தும் மாஸ்கோவிலிருந்து வரையப்பட்ட வரைபடத்தின் பகுதிகள். அந்த வரைபடத்தில் லித்துவேனியா ஒரு நாடாக இல்லை. ஒரு வட்டாரமாக இருந்தது.

1990 முற்றுகையின்போது என்ன நடந்தது?

விடுதலை அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொல்லி ஏப்ரல் 13 அன்று சோவியத் தலைவர் கோர்பச்சேவ் கெடு விதித்தார். நாடாளுமன்றத் தலைவர் லான்ட்ஸ்பெர்கிஸின் வழிநடத்தலில் இருந்த தலைநகர் வில்னியஸ் பணியவில்லை. ஏப்ரல் 18 முதல் சோவியத் ஒன்றியம் கச்சா எண்ணெயை முழுவதும் நிறுத்தியது; எரிவாயுவின் பெரும்பகுதியை வெட்டியது. நாட்டின் ஒரே சுத்திகரிப்பு ஆலை நின்றது. பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது, தொழிற்சாலைகள் பாதி வேகத்தில் ஓடின. ஜூன் இறுதியில் லித்துவேனிய நாடாளுமன்றம், பேச்சுவார்த்தை தொடங்கினால் விடுதலை அறிவிப்பின் செயலாக்கத்தை 100 நாள் நிறுத்திவைப்பதாக ஒப்புக்கொண்ட பிறகே முற்றுகை நீக்கப்பட்டது.

அந்த நாட்டின் எரிசக்திக் கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் இந்த இரண்டரை மாதங்களை மறந்துவிடக் கூடாது. பின்னாளில் கூடுதல் செலவானாலும் பரவாயில்லை என்று அவர்கள் எடுத்த முடிவுகள், கணக்கு மட்டும் பார்க்கும் வெளியாருக்கு வெறும் அச்சமாகத் தோன்றின. அந்த அச்சத்துக்கு முன்னனுபவம் இருந்தது.

அப்படியானால் விடுதலை கிடைத்த உடனேயே ஏன் மாற்று வழி தேடவில்லை?

பணம் இல்லை என்பது முதல் காரணம். 1990களில் ரஷ்ய எரிவாயு மலிவாகவும் கிடைத்தது. மலிவாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் கடன் வாங்கிப் புதுத் துறைமுகம் கட்டு என்று வாக்காளரிடம் சொல்வது எந்த அரசியல்வாதிக்கும் கடினம். மூன்றாவது காரணம் இக்னாலினா.

இக்னாலினா என்பது என்ன?

நாட்டின் வடகிழக்கில் சோவியத் காலத்தில் கட்டப்பட்ட அணுமின் நிலையம். செர்னோபில் வகையைச் சேர்ந்த இரண்டு உலைகள், ஒவ்வொன்றும் 1500 மெகாவாட்டுக்கு வடிவமைக்கப்பட்டவை. சோவியத்தின் வடமேற்குப் பகுதி முழுவதற்கும் மின்சாரம் தர எண்ணிக் கட்டியதால், அந்தச் சிறிய நாட்டுக்கு அது அளவுக்கு மிஞ்சியது. 1993ல் நாட்டின் மின் உற்பத்தியில் 88 விழுக்காடு இங்கிருந்து வந்தது. அண்டை நாடுகளுக்கு விற்கவும் மிச்சம் இருந்தது. எரிபொருள் ரஷ்யாவிலிருந்துதான் வந்தது. ஆனால் யுரேனியத்தை வாங்கிச் சேமித்து வைக்கலாம், எரிவாயுவை அப்படி எளிதில் வைக்க முடியாது.

இந்த உலைகளை மூடினால்தான் உள்ளே வரலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனை விதித்தது. பாதுகாப்பு நோக்கில் நியாயமான கோரிக்கை. முதல் உலை 2004 இறுதியிலும் இரண்டாவது 2009 டிசம்பர் 31 அன்றும் நிறுத்தப்பட்டன. இடையில், 2008ல், ஆயுளை நீட்டிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நீட்டிக்கவே விரும்பினார்கள், ஆனால் பாதிப்பேர்கூட வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போனது.

2010 விடிந்தபோது மின்சாரம் விற்ற நாடு மின்சாரம் வாங்கும் நாடாகியிருந்தது. உள்நாட்டில் மிஞ்சியவற்றுள் முக்கியமானவை எரிவாயுவில் ஓடும் நிலையங்கள். அந்த எரிவாயு முழுவதும் ரஷ்யாவிடமிருந்து. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லித்துவேனியாவை ரஷ்யாவோடு இறுகக் கட்டிய கடைசி முடிச்சைப் போட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ், மாஸ்கோ அல்ல. வல்லரசின் செல்வாக்கு என்றால் பகையாளியின் செல்வாக்கு மட்டும்தான் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேண்டியவர்களின் நிபந்தனைக்கும் ஒரு விலை உண்டு. மூடும் செலவுக்கு ஒன்றியம் பெரும் பணம் கொடுத்தது, வாங்க வேண்டிய எரிவாயுவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

எண்ணெய் விஷயத்தில் ரஷ்யா என்ன செய்தது?

மஜெய்கெய் என்ற லித்துவேனிய ஊரில் இருப்பது பால்டிக் நாடுகள் மூன்றுக்கும் (லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா) ஒரே சுத்திகரிப்பு ஆலை. 1999ல் இதன் ஒரு பங்கும் நிர்வாகமும் வில்லியம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டன. ரஷ்ய நிறுவனங்களிடம் போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஒப்பந்த நிபந்தனைகள் நாட்டுக்குப் பாதகமானவை என்று சொல்லிப் பிரதமர் பாக்சாஸ் பதவி விலகினார். அமெரிக்கர் வந்ததும் ரஷ்யாவிலிருந்து வரும் கச்சா எண்ணெய் அடிக்கடி தடைபட்டது. 2002ல் ஆலை யூகோஸ் என்ற ரஷ்ய நிறுவனத்தின் கைக்கே போனது. யூகோஸ் நொடித்தபின், 2006ல், ரஷ்யப் போட்டியாளர்களை விட்டுவிட்டுப் போலந்தின் ஓர்லென் நிறுவனத்துக்கு விற்பது என்று முடிவானது.

அந்த ஆண்டு ஜூலை 29 அன்று, துரூஷ்பா என்ற சோவியத் கால எண்ணெய்க் குழாயில் லித்துவேனியாவுக்கு வரும் கிளையில் ரஷ்ய எல்லைக்குள் கசிவு ஏற்பட்டது என்று சொல்லி எண்ணெய் நிறுத்தப்பட்டது. பழுது பார்க்கும் நாள் வரவே இல்லை. குழாய் பழையதுதான், கசிவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் விற்பனை முடிவான சில வாரங்களில் நேர்ந்து, என்றென்றைக்கும் சரியாகாத கசிவு என்பதை நம்ப வில்னியஸில் ஆள் கிடைப்பது அரிது.

ஆலை மூடப்படவில்லை. காரணம் ப்யூட்டிங்கே. ஏற்றுமதிக்காக 1999ல் திறக்கப்பட்ட அந்தக் கடல் முனையத்தை இறக்குமதிக்குத் திருப்பிவிட்டார்கள். செலவு கூடியது, ஆலை ஓடியது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கப்பலில் வந்தது பெரும்பாலும் ரஷ்ய எண்ணெய்தான் என்பது இன்னொரு செய்தி. இதில் ஒன்றும் முரண் இல்லை. கப்பலில் வரும் எண்ணெய்க்குச் சந்தை விலை. வேண்டாம் என்றால் அடுத்த வாரம் வேறொருவரிடம் வாங்கலாம். 2022ல் உண்மையிலேயே அப்படிச் செய்து, சவூதி எண்ணெய்க்கு மாறினார்கள்.

எரிவாயுவில் ரஷ்யா குழாயை அடைத்ததா?

2000களில் இல்லை. அடைக்கத் தேவையும் இருக்கவில்லை. ஊரில் ஒரே மளிகைக்கடை இருந்தால், கடைக்காரர் கதவைச் சாத்த வேண்டியதில்லை. விலைச்சீட்டை எழுதுவது போதும்.

ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் ஒரே விற்பனையாளர். போதாததற்கு, லித்துவேனியாவின் எரிவாயுக் குழாய்களை வைத்திருந்த லியேதுவோஸ் துயோஸ் நிறுவனத்தில் 37 விழுக்காடு பங்கும் அதனுடையது. விற்பவரும் அவரே, வாங்குபவரின் பங்குதாரரும் அவரே. 2012, 2013ல் லித்துவேனியா 1000 கன மீட்டருக்கு ஏறத்தாழ 500 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. குழாயின் தூரத்தைப் பார்த்தால் குறைவாகக் கொடுக்க வேண்டிய நாடு. ஆனால் அதைவிட வெகு தொலைவில் இருக்கும் ஜெர்மனி குறைவாகக் கொடுத்தது. ஜெர்மனிக்கு வேறு விற்பனையாளர்கள் இருந்தார்கள், லித்துவேனியாவுக்கு இல்லை.

2011ல் லித்துவேனியா, குழாயின் உரிமையையும் எரிவாயு விற்பனையையும் பிரிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதியை அதன் கடுமையான வடிவில் எடுத்துக்கொண்டது. காஸ்ப்ரோம் கடுமையாக எதிர்த்தது. 2014ல் தன் பங்குகளை லித்துவேனிய அரசு நிறுவனத்துக்கு விற்றுவிட்டு வெளியேறியது.

கிளைப்பேடா துறைமுகத்தில் நிற்கும் கப்பலைப் பற்றி இவ்வளவு பேச்சு ஏன்?

இந்தக் கதையின் நடுப்பகுதி அதுதான். குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவைச் சேமித்து, மீண்டும் வாயுவாக்கிக் குழாயில் செலுத்தும் மிதக்கும் முனையம். கரையில் கட்டினால் பல ஆண்டுகள் ஆகும், செலவும் பல மடங்கு. கப்பல் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். நார்வேயின் ஹோயக் நிறுவனம் தென்கொரியாவின் ஹூண்டாய் கப்பல் கட்டும் தளத்தில் கட்டுவித்து, பத்தாண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. நீளம் 294 மீட்டர், 1,70,000 கன மீட்டர் திரவம் கொள்ளும். ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி கன மீட்டர் எரிவாயு தரக்கூடியது. நாட்டின் மொத்தத் தேவை அதைவிடக் குறைவு. 'இண்டிபெண்டன்ஸ்' என்ற அந்தக் கப்பல் 2014 அக்டோபர் 27 அன்று கிளைப்பேடா துறைமுகத்துக்குள் வந்தபோது குடியரசுத் தலைவர் டாலியா கிரிபவுஸ்கைதே கரையில் நின்று வரவேற்றார்.

அதற்குச் சில மாதங்கள் முன்பே, 2014 மே மாதத்தில், காஸ்ப்ரோம் தன் விலையை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைத்துவிட்டது. ஒரு கன மீட்டர் எரிவாயுகூட அந்தக் கப்பல் இன்னும் கொடுக்கவில்லை. கிளைப்பேடாவுக்கு வந்துசேரவே இல்லை. வரப்போகிறது என்ற உறுதியே இறங்க வைத்தது. முனையத்தின் பயனைக் கணக்கிடும்போது அதன் வழியாக எவ்வளவு எரிவாயு வந்தது என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறார்கள். முதல் சில ஆண்டுகளில் அது பெரும்பகுதி நேரம் மந்தமாகவே இயங்கியது. பயன் காஸ்ப்ரோமின் விலைப்பட்டியலில் தெரிந்தது.

காஸ்ப்ரோம் மீது வழக்குப் போட்டார்களே, வென்றார்களா?

பணம் கிடைக்கவில்லை. அதிகமாக வசூலித்ததாகச் சொல்லி ஏறத்தாழ 140 கோடி யூரோ கேட்டு ஸ்டாக்ஹோம் நடுவர் மன்றத்துக்குப் போனார்கள்; 2016ல் கோரிக்கை தள்ளுபடியானது. ஐரோப்பிய ஆணையத்திடம் கொடுத்த புகார் வேறு பாதையில் போய், 2018ல் காஸ்ப்ரோம் அபராதம் இல்லாமல் சில வாக்குறுதிகளை மட்டும் தந்து முடித்துக்கொண்டது. சட்டம் ஏழாண்டில் சாதிக்காததைக் கப்பலின் செய்தி சில மாதங்களில் சாதித்தது என்பது என் கருத்து. வழக்கறிஞர்கள் ஏற்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் யார் பணம் கட்டினார்கள்?

எரிவாயு பயன்படுத்துகிற எல்லோரும். கப்பல் வாடகையும் பராமரிப்பும் எரிவாயுக் கட்டணத்தின் மேல் தனி வரியாகச் சேர்க்கப்பட்டன. முதல் ஐந்தாண்டுக்கு நார்வேயின் ஸ்டாட்டாயில் நிறுவனத்திடம் ஆண்டுக்கு 54 கோடி கன மீட்டர் வாங்கியே தீர வேண்டும் என்ற ஒப்பந்தமும் இருந்தது. ஜொனாவா நகரில் உள்ள அகெமா உரத் தொழிற்சாலை, நாட்டின் மிகப் பெரிய எரிவாயு நுகர்வோர். அது கடுமையாக எதிர்த்தது. ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. அதன் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது: உலகச் சந்தையில் உரம் விற்கிற ஆலைக்கு எரிவாயுதான் மூலப்பொருள், நாட்டின் பாதுகாப்புக் கட்டணத்தை ஏன் அது தன் டன் கணக்கில் சுமக்க வேண்டும்? அரசியல் ரீதியாக இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் வரவில்லை. 2022ல் வந்த உக்ரைன் போர்தான் விவாதத்தை முடித்தது. குத்தகை தீரும் தறுவாயில், 2024 இறுதியில், கப்பலை விலைக்கே வாங்கிவிட்டார்கள்.

எரிவாயுவின் தேவையையே குறைக்க முடியாதா?

குறைத்தார்கள். வெளியில் அதிகம் பேசப்படாத வெற்றி இதுதான். அந்தக் குளிர்நாட்டில் நகரங்களுக்குப் பொதுக் கொதிகலன்களிலிருந்து குழாய்வழி வெந்நீர் போகிறது. வீடுகள் அதில்தான் சூடாகின்றன. முன்பு அவை எரிவாயுவில் ஓடின. இப்போது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மரச்சில்லிலும் மரக்கழிவிலும் ஓடுகின்றன. கப்பலுக்கு வாத்தியம் முழங்கிய நாட்டில் மரச்சில்லுக்கு யாரும் முழங்கவில்லை.

மின்சாரத்தை 2025 வரை ஏன் துண்டிக்க முடியவில்லை?

மின்சாரத்தில் விலையைவிட நுட்பமான பிடி ஒன்று இருந்தது: அதிர்வெண். ஒரே மின்தொகுப்பில் இருக்கும் எல்லா மின்னாக்கிகளும் ஒரே தாளத்தில், நொடிக்கு 50 சுழற்சி என்ற அளவில் இயங்க வேண்டும். எங்கோ ஒரு நிலையம் விழுந்தால் மற்றவை அந்தக் குறையை நொடிகளில் தாங்க வேண்டும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதல்ல. தென்மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் உயரழுத்தக் கம்பி வழியாகத்தான் வட இந்தியாவோடு ஒரே அதிர்வெண்ணில் இணைந்தது. அதற்கு முன் நேர்மின்னோட்ட இணைப்புகள் வழியாக மின்சாரம் வந்து போனதே தவிர, தாளம் வேறு வேறாக இருந்தது.

லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா மூன்றின் தாளத்தையும் மாஸ்கோ பிடித்திருந்தது. ரஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றோடு 2001ல் போட்ட ஒப்பந்தத்தின்படி அதிர்வெண்ணைச் சீராக வைப்பது மாஸ்கோவில் உள்ள கட்டுப்பாட்டு மையம். நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்து இருபது ஆண்டு ஆன பின்பும், வில்னியஸில் எரியும் விளக்கின் துடிப்பு மாஸ்கோவிலிருந்து வந்தது. ரஷ்யா அந்தப் பிடியை இழுத்துப் பார்க்கவில்லை. இழுத்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு திட்டமிடுகிறவர்களை விட்டதும் இல்லை.

முதலில் மின்சாரம் வரும் வழிகளைப் பெருக்கினார்கள். 2015 இறுதியில் சுவீடனுக்குக் கடலடியில் 700 மெகாவாட் நோர்ட்பால்ட் கம்பியும் போலந்துக்கு 500 மெகாவாட் லிட்போல் இணைப்பும் தயாராயின. நோர்ட்பால்ட் பதிக்கும் கப்பலின் வேலையை ரஷ்யப் போர்க்கப்பல்கள் இடையூறு செய்வதாக 2015ல் லித்துவேனியா முறையிட்டது. ஆனால் சுவீடன் கம்பி நேர்மின்னோட்டம். அதில் மின்சாரம் வரும், தாளம் வராது. தாளம் மாற வேண்டுமானால் போலந்து எல்லையில் மாறுமின்னோட்ட இணைப்பு வேண்டும். ஒரு பெரிய நிலையம் திடீரென விழுந்தாலும் தொகுப்பு சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கனத்த சுழல் இயந்திரங்கள் மூன்று நாட்டிலும் நிறுவப்பட வேண்டும். மொத்தச் செலவு ஏறத்தாழ 160 கோடி யூரோ, அதில் நான்கில் மூன்று பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் பணம்.

2023 ஏப்ரலில் லித்துவேனியா சில மணி நேரம் தனியாக இயங்கிப் பார்த்தது. 2024 டிசம்பர் 25 அன்று பின்லாந்துக்கும் எஸ்டோனியாவுக்கும் இடையே கடலடிக் கம்பி ஒன்று சேதமடைந்தது. தள்ளிப்போடலாமா என்ற பேச்சு எழுந்தது, போடவில்லை. 2025 பிப்ரவரி 8 காலையில் ரஷ்ய, பெலாரஸ் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. ஒரு நாளுக்கு மேல் மூன்று நாடுகளும் தனித்தீவாக இயங்கி, 9 அன்று போலந்து வழியாகக் கண்டத்து ஐரோப்பாவோடு இணைந்தன. விளக்கு எதுவும் அணையவில்லை.

பெலாரஸில் ரஷ்யா கட்டிய அணுமின் நிலையம் ஏன் சர்ச்சையானது?

அஸ்த்ரவெத்ஸ் நிலையம் வில்னியஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ரஷ்ய அரசின் அணுசக்தி நிறுவனமான ரொசாட்டம் கட்டியது, பணமும் ரஷ்யக் கடன். 2020 நவம்பரில் மின்சாரம் தரத் தொடங்கியது. தன் அணு உலைகளை ஐரோப்பா சொன்னதற்காக மூடிய நாடு, தன் தலைநகரின் வாசலில் ரஷ்ய உலை எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மின்சாரத்தை வாங்கக் கூடாது என்று சட்டமே இயற்றினார்கள். வில்னியஸ் மக்களுக்கு அயோடின் மாத்திரை கொடுத்தார்கள்.

கூடங்குளத்தில் இருப்பதும் ரொசாட்டத்தின் அதே குடும்பத்து உலைதான், சற்றுச் சிறியது. அங்கே இடிந்தகரை மக்களின் போராட்டம் பாதுகாப்பையும் வாழ்வாதாரத்தையும் பற்றியது; ரஷ்யாவைச் சார்ந்திருப்பது டெல்லியை உறுத்தவில்லை. ஒரே நிறுவனத்தின் உலை ஒரு நாட்டில் ஒத்துழைப்பாகவும் இன்னொரு நாட்டில் மிரட்டலாகவும் தெரிவதற்கு, உலையைவிட இடையில் இருக்கும் தூரமும் வரலாறுமே காரணம்.

2022ல் இந்தத் தயாரிப்புக்குப் பலன் கிடைத்ததா?

உக்ரைன் போர் தொடங்கிய ஐந்து வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், ரஷ்ய எரிவாயுவை முழுவதும் நிறுத்திவிட்டதாக லித்துவேனியா அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல் நாடு. ரூபிளில் பணம் கட்டாததற்காகப் போலந்துக்கும் பல்கேரியாவுக்கும் காஸ்ப்ரோம் எரிவாயுவை நிறுத்தியது அதே மாதக் கடைசியில்தான். மே மாதம் போலந்துடனான எரிவாயுக் குழாயும் திறந்தது. கிளைப்பேடா லாட்வியாவுக்கும் எஸ்டோனியாவுக்கும் சேர்த்து வேலை செய்யத் தொடங்கியது.

விலையிலிருந்து மட்டும் தப்ப முடியவில்லை. 2022 ஆகஸ்ட் 17 அன்று மாலை ஒரு மணி நேரம், பால்டிக் நாடுகளில் மொத்தச் சந்தை மின்விலை மெகாவாட் மணிக்கு 4000 யூரோவைத் தொட்டது. குழாயை மாற்றலாம், உலகச் சந்தையை மாற்ற முடியாது. மின்சாரத்தில் கணிசமான பங்கை இறக்குமதி செய்யும் நாடு இன்னும் அதுதான். காற்றாலைகளையும் சூரியத் தகடுகளையும் அவசரமாக நிறுவி வருவது அதனால்தான்.

ரஷ்யாவை விட்டு அமெரிக்காவிடம் மாட்டிக்கொண்டார்கள் என்று சொல்லலாமா?

2017 ஆகஸ்டில் முதல் அமெரிக்கச் சரக்கு கிளைப்பேடாவுக்கு வந்தது. 2022ல் அங்கு இறங்கியதில் பெரும்பங்கு அமெரிக்காவுடையது. வாஷிங்டன் இதை வணிகமாகவும் பார்க்கிறது, அரசியலாகவும் பார்க்கிறது, மறைக்கவும் இல்லை. சார்பு இருக்கிறதா என்றால் இருக்கிறது. முன்பு இருந்ததுபோன்ற சார்பா என்றால் இல்லை. அமெரிக்கச் சரக்கு நின்றால் நார்வே, கத்தார் எனத் தேடலாம். விலை கூடும், வெப்பம் நிற்காது. இக்னாலினாவின் அனுபவம் உள்ளவர்கள் நண்பரின் சொல்லை அப்படியே நம்ப வேண்டிய அவசியமும் இல்லை.

இன்று ரஷ்யாவோடு எரிசக்தித் தொடர்பே இல்லையா?

2025 பிப்ரவரியில் மின்கம்பிகளை வெட்டிய பிறகும் ஒன்று தொடர்ந்தது. கலினின்கிராடுக்கு எரிவாயு கொண்டுபோகும் குழாய் லித்துவேனியாவின் நடுவே ஓடுகிறது. ரஷ்யாவின் அந்தப் பகுதி, பல ஆண்டுகளாக லித்துவேனியாவின் தயவில் இருந்தது என்றுகூடச் சொல்லலாம். மாஸ்கோ அதை உணர்ந்தே இருந்தது. 2019ல், கிளைப்பேடாவில் நிற்பதைப் போன்ற ஒரு மிதக்கும் எரிவாயுக் கப்பலைக் கலினின்கிராட் கடலில் கொண்டுவந்து நிறுத்தியது. தனித்து இயங்கப் போதுமான புதிய மின்நிலையங்களையும் அங்கே கட்டி, முன்கூட்டியே சோதித்தும் பார்த்தது.